சமுதாயக் கூடங்களின் மராமத்து: நிதி வரும் வழிகளும் நிற்கும் இடங்களும்

புதிதாக ஒரு சமுதாயக் கூடம் கட்டத் தமிழ்நாட்டில் நிதி வழிகள் பல உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, ஊராட்சி ஒன்றியப் பொது நிதி, ஆதிதிராவிடர் நலத்துறை ஒதுக்கீடு, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று ஏதாவது ஒன்றில் இடம் கிடைத்துவிடும். கட்டி முப்பது ஆண்டான கூடத்தின் தளம் ஒழுகத் தொடங்கினாலோ, எந்தத் தலைப்பில் பணம் கேட்பது என்று ஊராட்சிச் செயலரும் திணறுவார், ஒன்றியப் பொறியாளரும் திணறுவார். கூடம் பூட்டப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்து, பயன்பாட்டுக்குத் தகுதியற்றது என்று சான்று எழுதி இடிக்கப்படுகிறது. அதே இடத்தில் வேறொரு திட்டத்தில் புதுக் கூடம் எழும்புகிறது. பணம் போதவில்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பணம் எந்த விதிகளின்படி ஒதுக்கப்படுகிறது என்று பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. கட்டுவது சொத்து உருவாக்கம், பராமரிப்பது வெறும் செலவு என்று கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. முதல் கணக்கில் பணம் தாராளமாக இருக்கிறது. இரண்டாவதற்கு உரிமையாளரே இல்லை.

கூடம் யாருடையது

மராமத்துக்கு நிதி தேடுவதற்கு முன்னால் கட்டடத்தின் உடைமை தெளிவாக வேண்டும். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளிலும் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளிலும் உள்ள பொதுக் கூடங்கள் ஒரே கையில் இல்லை. உள்ளாட்சி அமைப்பே கட்டியவை ஒரு வகை. ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகமான தாட்கோவோ வேறு துறையோ கட்டி ஊராட்சியிடம் ஒப்படைத்தவை இன்னொரு வகை. சங்கங்களும் மன்றங்களும் அறக்கட்டளைகளும் நன்கொடை திரட்டிக் கட்டியவை மூன்றாம் வகை. இரண்டாம் வகைதான் அதிகம் சீரழிகிறது. கட்டிய துறை தன் வேலை முடிந்தது என்று ஒதுங்கிவிடுகிறது. பெற்றுக்கொண்ட ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் கூடம் முறையாக ஏறியிருக்காது. சில இடங்களில் ஒப்படைப்புக் கடிதம்கூட இருக்காது. அப்படிப்பட்ட கூடத்துக்கு ஊராட்சி பணம் செலவிட்டால் தணிக்கையில் கேள்வி எழும்; துறை செலவிட்டால் 'ஊராட்சிச் சொத்துக்கு நீங்கள் ஏன் செலவிட்டீர்கள்' என்று கேள்வி எழும்.

சமத்துவபுரங்களின் கதை இதற்குப் பொருத்தமான சான்று. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. சாதி கலந்து 100 குடும்பங்கள் வாழும் குடியிருப்பு என்ற திட்டத்தில் வீடுகளோடு பொது வசதிகளும் சேர்த்துக் கட்டப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றில் பல சிதைந்த நிலைக்கு வந்தன. 2021க்குப் பின் 149 சமத்துவபுரங்களைச் சீரமைக்க 190 கோடி ரூபாய் தனித் திட்டமாக ஒதுக்க வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் சிறிதாகச் செலவழிந்திருக்க வேண்டிய தொகை, வழி இல்லாததால் ஒரே சமயத்தில் பெரும் திட்டமாக வந்து நின்றது. மராமத்துக்குத் தனித் திட்டம் அறிவிக்கும் நிலை வருவதே வழக்கமான ஏற்பாடு செயல்படவில்லை என்பதற்கு அடையாளம்.

நிலத்தின் பத்திரமும் இதே அளவு முக்கியம். யாரோ ஒரு பெரியவர் வாய்மொழியாகக் கொடுத்த இடத்திலும், புறம்போக்கிலும் எழுந்த கூடங்கள் பல. கட்டும்போது யாரும் பட்டா கேட்பதில்லை. வெளி நிதி தேடிப் போகும்போதுதான் அது முதல் கேள்வியாக வருகிறது.

கட்டடம் எப்படி மூப்படைகிறது

1980களிலும் 1990களிலும் எழுந்த கூடங்கள் பெரும்பாலும் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்டவை. அவற்றின் நோய் மொட்டைமாடியில் தொடங்குகிறது. தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த காரையும், அதன்மேல் தட்டோடும் பதிப்பது பழைய முறை. தட்டோட்டு இணைப்பு விட்டுப்போகும். மழைநீர் வடிகுழாயின் வாயில் சருகு அடைக்கும். கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் அரசங்கன்று முளைக்கும். விழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் தளத்தில் துளையிட்டுக் கம்பி கட்டுவார்கள். இவற்றில் எதைச் சரிசெய்யவும் பெரிய தொகை வேண்டாம். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஓரிரு நாளில் முடித்துவிடுவார்கள். அந்த வேலை நடக்காதபோது நீர் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது.

கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உட்புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. பாதுகாப்பு போனபின் ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்; அந்த அழுத்தத்தில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் செதில் செதிலாகப் பிளந்து விழும். ஊரில் 'கம்பி தெரியுது' என்று சொல்வது இந்தக் கட்டத்தை. தளக் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் அளவு. கான்கிரீட் போடும்போது கம்பியைத் தூக்கி நிறுத்தக் கட்டை வைக்காமல், கம்பி பலகையின் மேலேயே படுத்துக் கிடக்க விட்ட தளங்களில் இந்த அளவு பாதிகூட இருக்காது. அப்படிப்பட்ட கூடங்கள் இருபது ஆண்டுக்குள் கம்பியைக் காட்டிவிடுகின்றன.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது என்னவென்று பொறியாளர்களுக்குத் தெரியும். தளர்ந்த கான்கிரீட்டை முழுக்கத் தட்டி எடுக்க வேண்டும். கம்பியில் துருவைத் தேய்த்து நீக்கித் தடுப்புப் பூச்சு பூச வேண்டும். மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து உறுதியான கலவையால் மூட வேண்டும். அதற்கும் முன்பாக மொட்டைமாடியின் ஒழுகலை நிறுத்த வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. கிடைத்த சில ஆயிரத்தில் விழுந்த இடத்தைச் சிமெண்டால் பூசி வெள்ளையடிக்கிறார்கள். மேலே நீர் இறங்குவது நிற்பதில்லை. உள்ளே துரு வளர்வதும் நிற்பதில்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் பூச்சோடு சேர்த்து இன்னும் பெரிய துண்டு விழும். அது பந்தி நடக்கும்போது விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தபின்தான் மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, பழுதானவை இடிக்கப்பட்டன. பொதுக் கூடங்களுக்கும் அத்தகைய ஆய்வு ஓர் உயிரிழப்புக்கு முன்பே நடக்க வேண்டும்.

தாமதத்தின் விலையைப் பற்றிக் கட்டுமானப் பொறியியலில் அறியப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. டி சிட்டர் என்பவர் 1984இல் முன்வைத்தது அது. கட்டும்போது 1 ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய தடுப்பு, பழுது தெரிவதற்கு முந்தைய பராமரிப்பில் 5 ரூபாயாகும், பழுதுபார்ப்பில் 25 ரூபாயாகும், முழுப் புதுப்பிப்பில் 125 ரூபாயாகும் என்பது அதன் சாரம். எண்கள் இடத்துக்கு இடம் மாறலாம், போக்கு மாறுவதில்லை. பொதுக் கட்டடங்களுக்கு அவற்றைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 1990இல் பரிந்துரைத்தது. இன்று ஒரு கூடத்தைத் திரும்பக் கட்ட 80 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், குறைந்த விழுக்காட்டிலேயே ஆண்டுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வேண்டும். இந்தத் தொகையை எழுதி வைக்கும் ஊராட்சி வரவு செலவுத் திட்டத்தைக் காண்பது அரிது.

அரசு நிதியின் விதிகள்

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993 டிசம்பரில் தொடங்கியது. 2011-12 முதல் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். நிலைத்து நிற்கும் சமூகச் சொத்துகளை உருவாக்குவதே இதன் நோக்கம் என்று வழிகாட்டு நெறிகள் வரையறுக்கின்றன. பராமரிப்பு வேலைகள் எல்லாமும், பாரம்பரியச் சின்னங்கள் போன்ற சில விலக்குகள் தவிர்த்த பழுதுபார்ப்பும், நெடுங்காலம் அனுமதியில்லாப் பட்டியலில் இருந்தன. 2023இல் நெறிகள் திருத்தி எழுதப்பட்டன என்றாலும் திட்டத்தின் சாய்வு இன்றும் புதுக் கட்டுமானத்தின் பக்கமே. இந்தத் திட்டத்தில் நல்ல விதி ஒன்றும் இருக்கிறது: கட்டுவதற்கு ஒப்புதல் தரும் முன்பே, பராமரிப்பை ஏற்கும் அமைப்பிடம் உறுதிமொழி வாங்க வேண்டும். உறுதிமொழி வாங்கப்படுகிறது. எந்தப் பணத்தில் பராமரிப்பார்கள் என்பதுதான் கேட்கப்படுவதில்லை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வீதம் வழங்கப்படும் சட்டமன்ற உறுப்பினர் நிதியின் பெரும்பகுதியும் கண்ணுக்குத் தெரியும் புது வேலைகளுக்கே போகிறது. திறப்பு விழாக் கல்வெட்டு புதுக் கட்டடத்தில்தான் பதிக்கப்படும். ஒழுகல் அடைத்த தளத்துக்குக் கல்வெட்டு வைக்கும் வழக்கம் இல்லை.

ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் நேரே ஊராட்சிக்கு வருவது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான ஊரக மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டிப்போட்டது. மீதி 40 விழுக்காட்டை அந்தந்த ஊரின் தேவைக்குச் செலவிடலாம் என்று விட்டது. சம்பளத்துக்கும் நிர்வாகத்துக்கும் மட்டும் கூடாது. கூடத்தின் மராமத்துக்கு இடமிருப்பது இந்த 40இல்தான். சாலை, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாமே இதில்தான் போட்டியிடுகின்றன. கூடத்தின் கழிவறை, குடிநீர்த் தொட்டி, கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றை முதல் 60இன் கீழ் எடுக்க முடியுமா என்று மதிப்பீடு போடும்போதே பார்ப்பது திறமையான செயலருக்கு அழகு. ஒரே வேலையை இரண்டு தலைப்பாகப் பிரித்தால் சுமை குறையும்.

இந்த மானியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த ஆண்டுகளில் நிதிக்குழு மானியத் தவணைகள் தடைபட்டன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர் ஆட்சி வந்தது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை அரசியல் செய்தியாகவே எல்லாரும் படிக்கிறார்கள். ஒழுகும் கூடத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

மராமத்துக்கு வெளிப்படையாக இடம் தரும் மாநிலத் திட்டம் 'நமக்கு நாமே'. 1997-98இல் தொடங்கி, 2011-12இல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் தொடர்ந்து, 2021-22இல் பழைய பெயரோடு திரும்பியது. ஊரகப் பகுதியில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுந்து வாழும் பகுதிகளில் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறையும். பாதிக்கு மேல் தருபவர்கள் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யலாம் என்ற சலுகையும் உண்டு. 9 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் கூடத்தைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் ஊர் 3 லட்சம் திரட்ட வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள ஊருக்கு இது எளிது. கூலிவேலைக் குடும்பங்கள் மட்டுமே உள்ள குடியிருப்புக்கு ஐந்தில் ஒரு பங்கும் பாரம். மக்கள் பங்களிப்பு என்பதே வசதியுள்ள ஊருக்கு முன்னுரிமை தந்துவிடுகிறது. இந்தக் குறையைச் சரிசெய்யத் துறை ஒதுக்கீடு தேவைப்படுகிறது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் வசதிகளை மேம்படுத்த 2023இல் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம், 5 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்ற அளவில், அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியது.

எந்தத் தலைப்பில் பணம் வந்தாலும் மதிப்பீட்டில் மறந்துபோகும் செலவுகள் சில உண்டு. உள்ளாட்சிகளுக்கான கட்டுமான ஒப்பந்தப் பணிக்குச் சரக்கு சேவை வரி 2022 ஜூலையில் 12இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. பழைய கட்டடத்தைத் தட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும். புதுக் கட்டடத்துக்குப் போடுவதைப் போல ஒரே அளவில் மதிப்பீடு போட்டால் நடுவில் பணம் தீரும். பாதி உடைத்த தளத்தோடு நின்றுபோன கூடம், தொடாமல் விட்ட கூடத்தைவிட ஆபத்தானது. கட்டட உறுதிச் சோதனைக்கு ஆகும் சிறு தொகையை முதலில் செலவிட்டு, அதன் முடிவை வைத்து மதிப்பீடு எழுதுவதே சரியான வரிசை.

ஒரு பெரிய கூடத்தின் வரலாறு

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் நடுவே நிற்கும் விக்டோரியா பொது மண்டபம், ஒரு பொதுக் கூடத்தின் நிதி வாழ்க்கையை முழுதாகக் காட்டுகிறது. நகருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1882இல் கூடிய பிரமுகர்கள் நன்கொடை திரட்டினார்கள். பெரும்பகுதி மன்னர்களும் ஜமீன்தார்களும் தந்தது. நகராட்சி, பீப்பிள்ஸ் பார்க் பகுதியில் 57 கிரவுண்டு நிலத்தை 99 ஆண்டு குத்தகைக்குப் பெயரளவு வாடகையில் கொடுத்தது. 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஷோம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டினார். பின்னர் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பட்டது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே பேசினார். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கே நடந்தன.

கட்டும்போது நன்கொடை தந்தவர்கள் பராமரிப்புக்கென்று அசல் வைப்பு எதையும் போதிய அளவில் விட்டுச்செல்லவில்லை. நாடகமும் கூட்டமும் வேறு இடங்களுக்கு நகர்ந்தபின் மண்டபத்தின் வருமானம் வற்றியது. வளாகத்தின் பகுதிகள் உணவகத்துக்கும் கடைகளுக்கும் விடப்பட்டன. 1985இல் நிலக் குத்தகை முடிந்தது. அதன்பின் கட்டடம் யார் பொறுப்பு என்பதே வழக்காக இழுத்தது. நிலம் மாநகராட்சியுடையது, நிர்வாகம் அறக்கட்டளையுடையது என்ற நிலையில் இரு தரப்பும் பெரிய தொகை போடத் தயங்குவது இயல்பு. கட்டடம் மாநகராட்சியின் கைக்கு வந்தபின்னும், பக்கத்தில் மெட்ரோ ரயில் சுரங்க வேலை நடந்ததால் புதுப்பிப்பு தள்ளிப்போனது. கடைசியில் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி வேலை எடுக்கப்பட்டது. சுண்ணாம்புக் காரையில் எழுந்த செங்கல் கட்டடத்துக்குச் சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கலையே அரிக்கும். ஆகவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணாம்புக் கலவையும் அதைக் கையாளத் தெரிந்த கைகளும் வேண்டும். அந்தக் கைகள் குறைந்துவிட்டதால் கூலியும் காலமும் கூடுகின்றன. புகழ்பெற்ற மண்டபம் என்பதால் கடைசியில் பணம் வந்தது. பெயரில்லாத ஊர்க் கூடத்துக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

மகமையும் தலைக்கட்டும்

தொடர்ந்து வரும் சிறு தொகையால் பொதுக் கட்டடத்தைக் காப்பது தமிழ்ச் சமூகத்துக்குப் புதிதல்ல. நாடார் உறவின்முறைகள் வணிகத்தில் சரக்கின் மேல் மகமை என்ற பொதுநிதிப் பங்கை வசூலித்தன. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்தப் பணத்தில் எழுந்தது. நகரத்தார், மணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுப் புள்ளி வரி வாங்கித் தங்கள் கோயில்களைப் பராமரிக்கிறார்கள். கிராமங்களில் கோயில் காரியத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிப்பது இன்றும் நடக்கிறது. இவற்றின் பலம் தொகையின் அளவில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. ஒரு கொடையாளியின் மனநிலையை நம்பி இருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று முன்பே தெரியும்.

இந்த முறைக்கு இருண்ட பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தலைக்கட்டு வரி கொடுப்பவனுக்கே உரிமை என்றால், வரி வாங்க மறுக்கப்படுபவனுக்கு உரிமை இல்லை என்றாகிவிடும். தலித் குடும்பங்களிடம் வரி வாங்காமலிருப்பதே அவர்களை விலக்கும் வழியாகப் பல ஊர்களில் இருந்திருக்கிறது. சாதிச் சங்கப் பணத்தில் எழுந்த மண்டபம் அந்தச் சாதியின் மண்டபமாகவே நிற்கிறது. பொதுப் பணத்தில் கட்டிய கூடம் வேண்டியிருந்ததே இதற்காகத்தான். அதன் மராமத்துக்கு ஊர் நன்கொடை திரட்டும்போது, பணம் தந்தவர்களின் பெயரில் கூடம் கைமாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பங்கு ஒரு ரூபாய் இருந்தாலும் கூடம் எல்லாருக்கும் வாடகைக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955 அதற்குப் பின்புலமாக இருக்கிறது.

வெளி நன்கொடையும் வரிச் சட்டமும்

கம்பெனிகள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் ஊரக மேம்பாடும், வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களை மீட்பதும் இடம்பெற்றுள்ளன. கிராமக் கூடம் முதல் தலைப்பில் பொருந்தும். பாரம்பரிய மண்டபம் இரண்டாவதில் பொருந்தும். நகரத்துச் சாதாரணக் கூடம்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இந்தப் பணத்தில் உருவாகும் சொத்து, பொது அமைப்பின் பேரிலோ பதிவுபெற்ற அறக்கட்டளை போன்றவற்றின் பேரிலோ இருக்க வேண்டும் என்பது 2021 திருத்தத்தின் விதி. பத்திரம் இல்லாத கூடம் இங்கேதான் வாய்ப்பை இழக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் பணத்தில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் சிங்கப்பூரிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும். பதிவு இல்லாத சங்கம் அதை வாங்குவது குற்றம். வாட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு வசூல் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. உள்நாட்டு நன்கொடையாளருக்கு 80ஜி சான்று பெற்ற அறக்கட்டளை வழியாகத் தந்தால் வரிச் சலுகை உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடையாது.

அறக்கட்டளைக் கூடங்கள் மராமத்துக்குச் சேமிப்பதில் வருமான வரிச் சட்டம் தடையாக இருப்பதாக ஒரு நம்பிக்கை உண்டு. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது உண்மை. 15 விழுக்காட்டைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட நோக்கத்தை எழுத்தில் தெரிவித்தால் அதற்கு மேலும் 5 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தளமும் வர்ணமும் மின்கம்பியும் பார்க்கும் திட்டம் சட்டத்துக்கு முற்றிலும் உட்பட்டது. தடை சட்டத்தில் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தீர்மானம் இல்லாததில்தான் இருக்கிறது.

கூடத்தின் சொந்த வருமானம்

எல்லா வழிகளையும்விட நம்பகமானது கூடத்தின் வாடகை. காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயதார்த்தம், பூப்புனித நீராட்டு, கருமாதி என்று ஏழைக் குடும்பங்கள் தனியார் மண்டபத்துக்குக் கொடுக்க முடியாத இடத்தில் கூடம் நிற்கிறது. வாடகையைக் கூட்டி மராமத்துச் செலவை ஈடுகட்டலாம் என்பது எளிய யோசனை, தவறான யோசனை. வாடகை தனியார் மண்டபத்தை நெருங்கும் நாளில் கூடத்துக்கு இருக்கும் காரணமே போய்விடும். வருகிற வாடகை எங்கே போகிறது என்பதே முக்கியமான கேள்வி. ஊராட்சியின் பொது நிதியில் அது கரைந்து, மின் கட்டணமாகவும் மோட்டார் பழுதாகவும் செலவாகிவிடுகிறது. ஆண்டுக்கு 60 நாள் 2,000 ரூபாய் வாடகைக்குப் போகும் கூடம் 1 லட்சத்து 20 ஆயிரம் ஈட்டுகிறது. மேலே பார்த்த 1 லட்சத்து 60 ஆயிரத்தில் முக்கால் பங்கு இதிலேயே வந்துவிடும். அந்தப் பணம் கூடத்துக்கென்று தனிக் கணக்கில் நின்றால் ஒழுகல் அடைக்கும் வேலைக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பற்றாக்குறைக்கு மட்டும் மானியம் தேடினால் போதும்.

புதுப்பிப்பு என்று கையில் எடுத்தபின் பழைய நிலைக்குத் திருப்புவதோடு நிறுத்துவதும் சரியல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொதுக் கட்டடங்கள் எல்லாருக்கும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறாத சாய்தளம் சக்கர நாற்காலிக்கு ஏற்றது. பழைய கூடங்கள் பலவற்றில் மூன்று படி ஏறாமல் உள்ளே போக முடியாது. பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிவறை இருக்காது. சமையல் கூடாரம் தெருவில் இருக்கும். புயல் வரும்போது மக்களைத் தங்கவைப்பதும் இதே கூடங்களில்தான். கழிவறையும் குடிநீரும் இல்லாத கூடம் நிவாரண முகாமாக ஓர் இரவுகூடத் தாங்காது.

இவை எல்லாவற்றுக்கும் அரசு செய்யக்கூடிய மாற்றங்கள் பெரியவையல்ல. புதுக் கூடத்துக்கு ஒப்புதல் தரும் ஆணையிலேயே கட்டுமானத் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்பு வைப்பாகப் பிரித்து வைக்கலாம். கூடங்களின் வாடகையைத் தனித் தலைப்பில் வைக்கும்படி ஊராட்சிகளுக்கு ஆணையிடலாம். ஊரின் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாள்களில் கிராம சபை கூடுகிறது. கூடத்துக்குச் சென்ற ஆண்டில் எவ்வளவு வாடகை வந்தது, அதில் எவ்வளவு கூடத்துக்கே செலவானது, சொத்துப் பதிவேட்டில் கூடம் ஏறியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளை அடுத்த கிராம சபையில் எழுப்பி, பதிலைத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள்.